ஆப்பிரிக்காவும் என் களிப்பானையும்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். நான்கு பேர் என் வயிற்றில் பிறந்தவர்கள், இரண்டு பேர் செத்துப்போன நாத்தனாரின் பிள்ளைகள். ஆறு பேரில் ஒருத்தர்கூடப் பசியோடு படுத்ததில்லை. படிப்பு எனக்குப் பஸ் போர்டு படிக்கிற அளவுக்குத்தான். ஆனால் களி கிண்டுவதில் வேப்பனப்பள்ளியிலிருந்து குந்தாரப்பள்ளி வரைக்கும் எனக்குச் சமமாக ஒருத்தியைக் காட்டுங்கள், பார்க்கலாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கதையில் என் களிப்பானைக்கு ஒரு அவமானம் நடக்கப்போகிறது.

ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிற என் பேத்தி பவித்ரா, லீவு நாளில் இந்தப் பத்திரிகையை எனக்குப் படித்துக்காட்டுவாள். இதில் யார் யாரோ தங்களுக்குத் தெரிந்த கிறுக்கர்களைப் பற்றி எழுதுகிறார்கள். எல்லாம் சுமாரான கிறுக்குகள். உலகத்தில் எல்லோரும் நாளைக்கு நடக்கப்போவதை நினைத்துத்தான் பயப்படுவார்கள். கோடி வருஷம் கழித்து நடக்கப்போவதை நினைத்து, இன்றைக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை என்று தட்டைத் தள்ளி வைத்தவர் நான் பார்த்ததில் ஒரே ஒருத்தர்தான். அவரை ஆப்பிரிக்கா என்று கூப்பிடுவோம். அவருக்கு நான் செய்த ஒரு காரியத்தை ஏழெட்டு வருஷமாக அவரிடம் சொல்லாமல் வைத்திருக்கிறேன். நேரில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் நான் சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள்.

எங்கள் ஊர்ப் பக்கம் கருப்புக் கல் குவாரிகள் நிறைய. அதில் ஒரு குவாரியில் எனக்கு ஆட்களுக்குச் சமைத்துப் போடுகிற வேலை, ஆப்பிரிக்காவுக்குக் கல் பார்க்கிற வேலை. சுத்தியலால் பாறையைத் தட்டுவார். இடது காதை ஒட்டவைத்துக் கேட்பார். உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போய் வருமாம். பிறகு செம்மண்ணைக் குழைத்து ஒரு கோடு போடுவார். அந்தக் கோட்டில் வெட்டினால் கல் பலகை மாதிரி வரும். தள்ளி வெட்டினால் நொறுங்கும். முதலாளிக்கு அந்தக் காது ஒரு கிரேனுக்குச் சமம். கிரேனுக்கு மாசா மாசம் ஆயில் மாற்றினார்கள், காதுக்கு ஒன்றும் செய்யவில்லை.

வாலிபத்தில் அவர், மலை மலையாகக் கல்லை ஆராய வந்த சர்க்கார் ஆபீசர்களுக்குப் பை தூக்கினார். மூன்று வருஷம். அவர்கள் பேசப் பேச இவர் கேட்டார். ஆபீசர்கள் வேலை முடிந்து போய்விட்டார்கள், பேச்சு மட்டும் இவருக்குள் தங்கிவிட்டது. ஆப்பிரிக்கா கண்டம் கிழக்குப் பக்கமாகப் பிளந்துகொண்டிருக்கிறது என்று அவர்கள் சொன்னதுதான் இவரைப் பிடித்துக்கொண்டது. ஆள் பெங்களூரைத் தாண்டிப் போனதில்லை. ஆனால் சொந்தத் தங்கை வீட்டில் பாகப்பிரிவினை நடப்பதுபோல ஆப்பிரிக்காவுக்காகக் கவலைப்படுவார்.

அவர் சொந்தமாக நிலம் வாங்கவே இல்லை. தாலுகா சர்வேயர் ஒரு தடவை சங்கிலி பிடித்து அளக்க வந்தபோது பக்கத்தில் நின்று சொன்னார்: “சார், நீங்க அளந்து முடிக்கறதுக்குள்ள இந்த எடம் வடக்கால நகர்ந்திருக்கும். நகர்ற எடத்துக்குப் பட்டா எதுக்குங்க?”

“எவ்ளோப்பா நகரும்?” என்றார் சர்வேயர்.

“நகம் வளர்ற அளவுக்குங்க.”

அன்றிலிருந்து நகம் வெட்டினால் எறியமாட்டார், காகிதத்தில் மடித்து வைப்பார். நான் பரிமாறிக்கொண்டிருக்கும்போது காகிதத்தைப் பிரித்துக் காட்டுவார். “பாருங்கக்கா, இந்த மாசம் நம்ம ஊரு இவ்ளோ போயிருக்குது.” சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அவர் மேல் வெங்காயம் எறிவார்கள்.

ஒரு நாள் கூழ் காய்ச்சி இறக்கி வைத்திருந்தேன். மேலே ஆடை படிந்திருந்தது. பக்கத்தில் வந்து குந்தினார்.

“அக்கா, இதாங்கக்கா பூமி.”

“கூழுப்பா.”

“மேல ஆடை இருக்குது பாருங்க, அதுதான் நாம நிக்கிற தட்டு. ஒரே தட்டு இல்ல, துண்டு துண்டா இருக்குது. அடியில சூடு. சூடானது மேல வருது, ஆறுனது கீழ போவுது. அதுல தட்டும் நகருது, ஒன்ன ஒன்னு இழுக்குது.” இரண்டு கை விரலையும் ஆடைமேல் வைத்து மெதுவாக இழுத்தார். நடுவில் மெலிந்தது. மெலிந்த இடம் கீழே இறங்கியது. “யாரும் வெட்டறதில்லக்கா. ரெண்டு பக்கமும் இழுத்தா நடுவுல இருக்கிறது மெலிசாவும். மெலிசானது எறங்கும். ரெண்டு கரையும் செவுரு மாதிரி நிக்கும். எறங்குன பள்ளத்துல மொதல்ல ஏரி. இன்னும் இழுத்தா கடல் உள்ள வந்துரும். ஆப்பிரிக்கா இப்போ ஏரி வரைக்கும் வந்திருக்குது.” ஆடை கிழிந்தது. கிழிசலில் சூடான கூழ் மேலே ஏறி நின்றது.

“கை கழுவுனியாப்பா?” என்றேன்.

“அடியில இருக்கிறது கூழ் மாதிரி தண்ணியா இருக்காது. அதுவும் கல்லுதான். சூட்டுல எளகி மெதுவா நகரும்.”

“கை கழுவுனியான்னு கேட்டன்.”

கழுவவில்லை. அந்தக் கூழ் முழுவதையும் அவருக்கே ஊற்றினேன். அவர் கிழிசலைக் காட்டி, “நம்ம பக்கமும் ஒரு காலத்துல இப்பிடிப் பொளக்கப் பாத்துதுக்கா. பாதியில இழுப்பு நின்னுபோச்சி. அந்தக் கிழிசல்ல ஏறி ஆறுனதுதான் நாம வெட்டற கருப்புக் கல்லு” என்று சொல்லிக்கொண்டே குடித்தார்.

அந்தக் கருப்புக் கல் எங்கே போகிறது தெரியுமா? பாலிஷ் போட்டு, கப்பலில் ஏற்றி, வெளிநாட்டுச் சுடுகாடுகளுக்குப் போகிறது. அங்கே செத்தவர்கள் தலைமாட்டில் பேர் வெட்டி நிறுத்துகிறார்கள். ஆப்பிரிக்கா சொல்வார்: “நம்ம காயத்துல கட்டுன பொருக்குக்கா. அவங்களுக்கு சமாதி ஆவுது.” குவாரியில் அதற்கும் சிரிப்பார்கள். எது சொன்னாலும் சிரிப்பதென்று முடிவு செய்திருந்தார்கள். கம்ப்ரஸர் ஓட்டுகிற முனியப்பா தெலுங்குக்காரர். தினமும் காலையில் அவரைப் பார்த்ததும், “ஏமி ஆப்பிரிக்கா, சமுத்திரம் ஒச்சிந்தா?” என்பார். கடல் வந்துவிட்டதா என்று கேட்கிறார். ஆப்பிரிக்கா கோபப்படாமல், “இன்னும் கோடி வருஷம் ஆவும் மாமா” என்று பதில் சொல்வார். தினமும்.

ஒரே ஒரு நாள் எல்லோரும் அவரை நம்பினார்கள். ஆப்பிரிக்காவில் ரோடு இரண்டாகப் பிளந்து கிடக்கிற வீடியோ ஒருத்தன் போனுக்கு வந்தது. வேலையைப் போட்டுவிட்டு அவரைத் தேடி ஓடினார்கள். “அண்ணா, நீ சொன்ன மாதிரியே பொளந்துடுச்சிணா.” அவர் போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு திருப்பிக் கொடுத்து, “மழத்தண்ணி அரிச்ச பள்ளம் மாதிரி இருக்குதுடா. நான் சொன்னது இது இல்ல. அது இத்தன அவசரமா நடக்காது” என்றார். நம்பிக்கை வந்த அன்றைக்கே அதைக் கெடுத்துக்கொண்ட மனிதர்.

இனி என் வீட்டுக்காரர் கதை. அதே குவாரியில் முப்பது வருஷம் கல் வெட்டினார். வயதாகிவிட்டது, போகாதீங்க என்றேன். கிரேன் கம்பி அறுந்து கல் இறங்கியபோது கீழே நின்றார். ஊர் உலகத்துக்கெல்லாம் சமாதிக் கல் வெட்டியவருக்கு, மேட்டில் மண்ணைக் குவித்து ஒரு அரளிச் செடி வைத்தோம். அவ்வளவுதான்.

பத்தாம் நாள் ஏரிக்கரையில் என் வளையலை உடைத்தார்கள். பெண்கள் மட்டும் நிற்கிற இடம். உடைத்த வளையலைத் தண்ணீரில் விட வேண்டும். என் அண்ணி அள்ளப்போனபோது, பத்தடி தள்ளி, கையில் ஒரு பழைய பேப்பரை விரித்துக்கொண்டு ஆப்பிரிக்கா நின்றார்.

“அதைத் தண்ணியில போடாதீங்கம்மா. எனக்குக் குடுங்க.”

மேட்டில் நின்ற என் அண்ணன் ஓடிவந்து அவர் சட்டையைப் பிடித்தார். “எழவு வூட்ல என்னய்யா கேக்கற நீ? அறிவு இருக்குதா?”

“கடை வளையல் தடியா இருக்குதுங்க. இது கையில தேஞ்சது. லேசா அசைஞ்சாலே ஒடைஞ்சிரும்” என்றார் அவர், பெரிய நியாயம் சொல்வதுபோல.

அண்ணன் ஓங்கிய கையை நான்தான் நிறுத்தினேன். எனக்குச் சண்டை பார்க்கத் தெம்பு இல்லை. “எடுத்துட்டுப் போவட்டும், வுடு” என்றேன். பச்சை வளையல் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மடித்துக்கொண்டு போனார். பெண்களெல்லாம் காறித் துப்பினார்கள். நானும் மனசுக்குள் துப்பினேன்.

அந்த வளையல் எதற்கென்று அடுத்த தை மாசம் தெரிந்தது. குவாரியின் தெற்குப் பக்கத்துச் சுவர் நாலு பனை உயரம். அதன் அடியில்தான் என் அடுப்பு. தை மாச மத்தியானத்தில் அங்கே மட்டும்தான் நிழல். பதினோரு பேர் அங்கே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அதில் ஒருத்தன் என் கடைசிப் பையன் குமார். அப்பன் செத்த இடத்துக்கே வேலைக்கு வந்திருந்தான். நிச்சயம் பண்ணிய பெண்ணோடு போனில் பேசுவது அவனுக்கு இரண்டாவது வேலை.

அந்தச் சுவரில் கருப்புக் கல்லும் சாம்பல் கல்லும் சேருகிற கோடு மேலிருந்து கீழே ஓடும். ஐப்பசி மழை அதில் இறங்கியிருந்தது. கோட்டில் மூன்று இடத்தில், விரிசலுக்குக் குறுக்கே, என் வளையல் துண்டை வைத்து இரண்டு முனையிலும் சிமெண்ட் அப்பியிருந்தார் ஆப்பிரிக்கா. விரிசல் நகர்ந்தால் கண்ணாடி உடையும். கட்டட வேலைக்காரர்கள் கண்ணாடிச் சில்லில் செய்வதை இவர் என் வளையலில் செய்திருந்தார். முதல் துண்டு உடைந்தது. மேனேஜரிடம் போனார். நான் அடுப்புப் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

“செவுரு வருதுங்க.”

“எப்போ?”

“இந்த வாரம்.”

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கோடி வருஷம் ஆவும்னு நேத்துதான சொன்ன?”

“அது வேற செவுருங்க.”

பதினோரு பேரும் சாப்பாடு புரையேறச் சிரித்தார்கள். மேனேஜர், “ஆடு மோதி ஒடைஞ்சிருக்கும்” என்றார். “பத்தடி ஒயரத்துல ஆடு எப்பிடிங்க மோதும்?” என்று இவர் கேட்டதற்கு, “எங்க ஊர் ஆடு ஏறும்” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

ஆப்பிரிக்கா என்னிடம் வந்தார். அன்றைக்குத்தான் அவர் கெஞ்சியதைப் பார்த்தேன். “அக்கா, கருப்பும் கெட்டி, சாம்பலும் கெட்டி. ரெண்டும் சேர்ற எடத்த மட்டும் நம்ப முடியாது. செவுத்தோட அடிக்காலை வேற வெட்டிட்டாங்க. நான் சொன்னா யாரும் நகரமாட்டாங்க. உங்க பானை எங்க இருக்குதோ அங்கதான் அவங்க இருப்பாங்க. அடுப்ப மேல ரோட்டாண்ட மாத்திருங்க.”

நான் போய் அந்த உடைந்த துண்டைப் பார்த்தேன். பச்சை. என் கையில் கிடந்தது. அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் அடுப்பை மாற்றினேன்.

நான்கு நாள் வெயிலில் கிண்டினேன். பதினோரு பேரும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, என்னையும் அவரையும் சேர்த்துத் திட்டியபடி சாப்பிட்டார்கள். சுவர் அப்படியே நின்றது. “என்னா ஆயா, உங்களுக்கும் ஆப்பிரிக்கா புடிச்சிக்கிச்சா?” என்றான் ஒருத்தன். எனக்குச் சுருக்கென்றது. ஆறு பேரை வளர்த்தவளைப் பார்த்து ஒரு பொடியன் கேட்கிற கேள்வியா அது? ஐந்தாம் நாள் அடுப்பை மறுபடி நிழலுக்குக் கொண்டுவந்தேன்.

“அக்கா, வேணாங்கக்கா.”

“நாலு நாள் வெய்யில்ல வெந்தன். ஒரு பொடிக்கல்லுகூட வுழல. என் அடுப்பு எங்க இருக்கணும்னு இனிமே நீ சொல்லாத” என்றேன்.

ஆறாம் நாள் மத்தியானம். பானையில் களி, சட்டியில் அவரைக்கொட்டைக் குழம்பு. எல்லோரும் தட்டோடு உட்கார்ந்துவிட்டார்கள். சுவரில் காதை வைத்து நின்றிருந்த ஆப்பிரிக்கா திடீரென்று ஓடிவந்தார். மூன்று துண்டும் உடைந்துவிட்டதாம், விரிசலில் விரல் போகிறதாம். “எழுந்திருங்கடா” என்று கத்தினார்.

“சமுத்திரம் ஒச்சிந்தா?” என்றார் முனியப்பா. மறுபடி சிரிப்பு.

ஆப்பிரிக்கா ஒரு நிமிஷம் எங்களைப் பார்த்தார். பிறகு காலை ஓங்கி என் குழம்புச் சட்டியை எட்டி உதைத்தார். குழம்பு மண்ணில் ஓடியது. நாங்கள் வாயைத் திறப்பதற்குள் களிப்பானையைத் தலையில் தூக்கிக்கொண்டு, லாரி ஏறுகிற சரிவில் மேலே ஓடினார்.

ஊர் முழுக்க மரியாதை வாங்கிய பானை. அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு கிழவன் வேட்டி அவிழ ஓடுகிறான். பசியோடு இருந்த பத்துப் பேர் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டு பின்னால் ஓடினார்கள். நான் களி கிண்டுகிற துடுப்புக் கட்டையோடு ஓடினேன். அந்த வயதில் அப்படி ஓடுவேன் என்று எனக்கே தெரியாது. ரோட்டுக்குப் பக்கத்தில் அவரைப் பிடித்துக் கீழே தள்ளினார்கள். பானை உருண்டு வாய் உடைந்தது. ஆளாளுக்கு அடித்தார்கள். ஒரு சந்து கிடைத்தது. நான் பின்னாலிருந்து துடுப்பை ஓங்கி ஒரு போடு போட்டேன். இடது காதில் விழுந்தது.

இதுதான் நான் சொல்லாமல் வைத்திருந்தது. அந்தக் காதில் அடித்தது நான். தெரியாமல் பட்ட அடி இல்லை, ஓங்கித்தான் அடித்தேன்.

அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். பத்துப் பேர்தான் இருந்தார்கள். குமார் இல்லை. திரும்பிப் பார்த்தால், கீழே நிழலை விட்டு வெளியே வந்து, போனைக் காதில் வைத்தபடி ஆடி அசைந்து சரிவில் ஏறுகிறான். கூப்பிட வாயைத் திறந்தேன். அவன் பின்னால் தெற்குச் சுவர் முழுசாக, அவசரமே இல்லாமல், உட்கார்ந்தது. முதலில் சத்தம் இல்லை. பிறகு வந்த சத்தத்தை நான் சொல்ல மாட்டேன். புழுதி எங்கள் தலைக்கு மேலே போனது. யாரும் யாரையும் பார்க்க முடியவில்லை. என் வீட்டுக்காரரைத் துணியில் சுற்றிக் கொடுத்தது மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

புழுதிக்குள்ளிருந்து குமார் நடந்து வந்தான். மாவுமில்லில் விழுந்தவன் மாதிரி இருந்தான். “அம்மா, போன் வுழுந்துடுச்சி” என்றான். அவன் கன்னத்தில் ஒரு அறை கொடுத்துவிட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

ஆப்பிரிக்கா தரையில் கிடந்தார். காதைப் பொத்திய விரல் இடுக்கில் ரத்தம் வந்தது. “எத்தன பேருக்கா?” என்றார்.

“பதினொன்னு.”

“உங்களோட பன்னண்டு” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

பதினோரு தட்டும், கம்ப்ரஸரும், என் அடுப்பும் அங்கேயே சமாதி ஆயின. யாரும் நன்றி சொல்லவில்லை. கருநாக்கு, அவன் சொல்லித்தான் விழுந்தது என்று இரண்டு பேர் சொன்னார்கள். ஆனால் அதற்குப் பிறகு முனியப்பா கடல் வந்துவிட்டதா என்று கேட்டதே இல்லை. குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கடந்துபோவார்.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். இடது காது இனிமேல் கேட்காது என்றார்கள். “யாரு அடிச்சாங்கன்னு தெரியலக்கா. பின்னால இருந்து வந்துச்சி” என்றார். பிறகு, “காதுல களி ஒட்டியிருந்துதுன்னு நர்சம்மா சொல்லிச்சி” என்றார். சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அவர் உடனே ஆப்பிரிக்காவுக்குப் போய்விட்டார். அங்கே ஒரு ஏரி எவ்வளவு ஆழம் என்று அரை மணி நேரம் சொன்னார்.

திரும்பி வந்து வலது காதை வைத்துக் கல்லைக் கேட்டுப் பார்த்தார். “இந்தக் காதுல ஏதோ வடக்கத்தி பாஷையில பேசுதுக்கா, ஒன்னும் புரியல” என்றார். ஒரு மாசத்தில் வேலை போய்விட்டது. காது கேட்காத ஆளுக்குக் குவாரியில் என்ன வேலை? எங்கள் வீட்டுப் பின்கட்டில் கட்டில் போட்டுக் கொடுத்தேன். ஊர் என்ன பேசும் என்று என் மருமகள் கேட்டாள். ஊர் நகர்ந்துகொண்டே இருக்கிறது, எதையாவது பேசிவிட்டுப் போகட்டும் என்றேன்.

இப்போது இரண்டு வருஷமாக இருமுகிறார். இத்தனை வருஷம் தின்ற கல்தூள் நெஞ்சில் இறுகிவிட்டதாம். டாக்டர் கையை விரித்துவிட்டார். “வெளிய பாத்த கல்லு உள்ள ஏறுதுக்கா” என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. களியைக் கரைத்துத்தான் கொடுக்கிறேன். உருண்டையாக விழுங்க முடியவில்லை. குமாருக்கு இரண்டு பெண் குழந்தைகள். சின்னது அவர் கட்டிலில் ஏறி நகத்தைப் பார்த்து, ஊர் எவ்வளவு போயிருக்கிறது என்று கேட்கிறது. அளந்து சொல்கிறார்.

போதும் பவித்ரா, பேனாவை வெச்சிடு. இப்போ மொதல்ல இருந்து ஒரு தரம் படி. இங்க வேணாம், எனக்குத்தான் தெரியுமே. பின்கட்டுக்குப் போ. கட்டிலுக்கு வலது பக்கமா உக்காரு, அந்தக் காதுதான் அவருக்குக் கேக்கும். துடுப்பு வர்ற எடத்துல கொஞ்சம் நிறுத்திப் படி. நான் அடுப்பாண்ட இருக்கறன்.